இருக்கைக்கு ஒருவர், சுவரைத் தாண்ட ஐவர்

1963 டிசம்பர் 1 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில் கார்ப் பந்தய ஓடுதளத்தில் வெண்டெல் ஸ்கொட் முதலாவதாக வந்தார். வெற்றிக் கொடி அவருக்கு அசையவில்லை. கிண்ணம் பக் பேக்கர் என்ற வெள்ளையருக்குப் போனது. பிறகு, சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று சொல்லி வெற்றியை ஸ்கொட்டின் பேரில் எழுதிக்கொண்டார்கள். பழைய கார்களை வாங்கித் தானே திருத்தி, பெற்ற பிள்ளைகளையே மெக்கானிக்குகளாக வைத்துக்கொண்டு ஓடிய கறுப்பினத்தவர் அவர். 1990இல் இறந்துபோனார். பந்தயத்தை நடத்திய அமைப்பு குடும்பத்தின் கையில் கிண்ணம் கொடுத்தது 2021இல்தான்.

அமெரிக்க ஸ்டொக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 2004இல் ‘டிரைவ் ஃபோர் டைவர்சிட்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இந்தப் பழைய கடன் அதன் முதுகில் இருந்தது. கறுப்பின, லத்தீன், ஆசிய இளைஞர்களையும் பெண்களையும் தெரிந்தெடுத்து ஓட்டுநர்களாக்குவது நோக்கம். மாக்ஸ் சீகல் என்பவர் 2009இல் அமைத்த ரெவ் ரேசிங் அணி அந்தத் திட்டத்தின் பயிற்சிக் களமாயிற்று. ஆண்டுதோறும் சிலரைத் தெரிவுசெய்து, காரும் மெக்கானிக்கும் பயிற்சியும் கொடுத்துக் கீழ்மட்டத் தொடர்களில் ஓடவிடுகிறார்கள்.

விளம்பரத்துக்குக் காட்ட மூன்று பெயர்கள் உண்டு: கைல் லார்சன், டானியல் சுவாரெஸ், பபா வாலஸ். மூவரும் உச்சமான கோப்பைத் தொடரில் வென்றவர்கள். லார்சன் 2021இல் அதன் சாம்பியன். ஆனால் மூவரையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. தாய்வழியில் ஜப்பானிய வேரைக் கொண்ட லார்சன், இந்த அணிக்கு வருமுன்பே மண் ஓடுதளங்களில் பெயர் எடுத்துவிட்டவர். சுவாரெஸ் மெக்சிக்கோவில் பந்தயமும் பணபலமும் பார்த்துவிட்டு வந்தவர். திட்டம் இல்லாவிட்டாலும் இவர்கள் இருவரும் எப்படியோ உள்ளே வந்திருப்பார்கள் என்றே எனக்குப் படுகிறது.

வாலஸின் கதைதான் உரைகல். 2013இல் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்காரின் ட்ரக் தொடர்ப் பந்தயம் ஒன்றை வென்றார்; ஸ்கொட்டுக்குப் பிறகு நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் வென்ற முதல் கறுப்பினத்தவர். அப்படிப்பட்டவர் 2017இல் இரண்டாம் நிலைத் தொடரில் ஓடிக்கொண்டிருந்தபோது, அனுசரணையாளர் கிடைக்கவில்லை என்று அவருடைய காரையே அணி நிறுத்திவிட்டது. 2021இல் டலடேகாவில் கோப்பைப் பந்தயத்தை வென்றபோது அவர் ஓட்டியது மைக்கேல் ஜோர்டான் பங்காளியாக இருக்கும் அணியின் கார். பயிற்சித் திட்டம் அவரை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே ஓர் இடம் நிலைப்பதற்குக் கூடைப்பந்தில் கோடீஸ்வரரான ஒரு கறுப்பினத்தவர் அணி தொடங்க வேண்டியிருந்தது.

மன்னாரின் விடத்தல்தீவில் இருந்து பார்க்கிற எவருக்கும் இந்த இடத்தில் நம்முடைய ‘கோட்டா’ நினைவுக்கு வராமல் போகாது. இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. எழுபதுகளில் அனுமதிப் புள்ளிகளை மாற்றிய தரப்படுத்தல் யாழ்ப்பாணத்தைச் சுட்டது உண்மை. மாவட்ட முறையால் மன்னாருக்கும் வன்னிக்கும் கதவு திறந்ததும் உண்மை. ஆனால் அங்கே ஒருமுறை இடம் கிடைத்தால் இலவசக் கல்வி கடைசி வருடம்வரை கூட வரும். கார்ப் பந்தயத்தில் இடம் ஒவ்வொரு வார இறுதியிலும் மறுபடி விலைக்கு வாங்கப்பட வேண்டும். ஒதுக்கீட்டின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நிற்கும் பணத்தை விட்டுவிட்டது இந்தத் திட்டம்.

அதோடு, ஆள் எடுக்கும் வயதும் பிந்தியது. ஓட்டுநர்கள் ஏழெட்டு வயதில் கோ-கார்ட்டில் ஏறுகிறார்கள். தகப்பன் ரயர் வாங்கித் தராத பிள்ளை பதினேழு வயதில் தேர்வுக்கு வரவே மாட்டாது. தமிழ்நாட்டு ஓட்டுநர்களைப் பாருங்கள். நரேன் கார்த்திகேயனின் தந்தை ரலி ஓட்டியவர், கருண் சந்தோக்கின் தந்தை விக்கியும் பந்தயக்காரர், பெண் ஓட்டுநர்களில் முதலில் பேசப்பட்ட அலிஷா அப்துல்லாவின் தந்தை தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன். சிறுபான்மையினரில் வசதியுள்ளவர்களைச் சலித்தெடுப்பதையே பல சமயம் இந்தத் திட்டமும் செய்கிறது. சிமியுலேட்டரில் ஓட்டிப் பழகி வந்த ராஜா கருத் 2024இல் லாஸ் வேகஸில் ட்ரக் பந்தயம் வென்றது, செலவு குறைந்த வேறொரு வழியும் உண்டு என்பதைக் காட்டியது.

பெண்கள் விடயத்தில் தோல்வி என்றே சொல்ல வேண்டும். கோப்பைத் தொடரில் முழுப் பருவமும் ஓடிய பெண் டானிகா பேட்ரிக். அவர் இண்டிகார் வழியாக வந்தவர். திட்டத்தில் பயின்ற பெண் எவரும் அந்த நிலையைத் தொடவில்லை. பெண்களுக்கு மட்டுமான தொடராக 2019இல் பிறந்த டபிள்யூ சீரிஸ் 2022இல் பணமின்றி நின்றது. நடந்த மூன்று பருவங்களிலும் சாம்பியன் ஜேமி சாட்விக் ஒருவரே. 2022இல் தொடங்கிய இந்தியன் ரேசிங் லீக் வேறு வழி பார்த்தது: ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் கட்டாயம், ஆண்கள் ஓட்டும் அதே தொடரில். அணியின் புள்ளியில் அவளுடைய ஓட்டமும் சேர்வதால், அவளுக்கு நல்ல கார் கொடுப்பதில் அணிக்கே சுயநலம் வந்துவிடுகிறது. தனித் தொடரைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

ரெவ் ரேசிங் செய்ததில் பெரிதாகப் பேசப்படாததுதான் அதிகம் பலித்திருக்கிறது. பந்தயத்தின் நடுவே பிற் தளத்தில் கார் வந்து நின்றதும் சுவரைத் தாண்டிக் குதிக்கும் ஐந்து பேர் இருக்கிறார்களே, அவர்களையும் இத்திட்டம் பயிற்றுகிறது. ரயர் மாற்ற இருவர், ரயர் தூக்க ஒருவர், ஜாக் போட ஒருவர், எரிபொருள் விட ஒருவர். பத்துப் பதினைந்து செக்கனில் வேலை முடிய வேண்டும். இதற்குக் கார்ட் ஓட்டிய சிறுவயது தேவையில்லை. வேகமான காலும் பிசகாத கையும் போதும். அதனால் பயிற்சியாளர்கள் கல்லூரி விளையாட்டு மைதானங்களுக்குப் போய் ஆள் தேடினார்கள். நோர்போக் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய பிரெஹான்னா டேனியல்ஸ் அப்படி 2016இல் அகப்பட்டவர். 2018இல் டேட்டோனாவில் கோப்பைப் பந்தயத்தில் ரயர் மாற்றிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அதே காருக்கு அன்று பிரியான்னா ஓலியரி என்ற இன்னொரு பெண்ணும் சுவரைத் தாண்டினார்.

கறுப்பினத்தவர் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு இருக்கையை வெள்ளையருக்கே வைத்துக்கொள்வதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கூலி வேலைக்கு மட்டும் உள்ளே விடுவது பழைய தந்திரம். ஆனால் இங்கே சம்பளம் இருக்கிறது, அனுசரணையாளரிடம் கையேந்தத் தேவையில்லை, ஓர் அணி மூடினால் அடுத்த அணிக்குக் கைத்தொழிலோடு போகலாம். வாலஸுக்கு 2017இல் இல்லாதது இதுதான்.

இலங்கையில் கார்ப் பந்தயம் என்றால் தியத்தலாவை பொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா, மின்னேரியா கன்னர்ஸ், சிகிரியா ரலி குரொஸ். முதல் மூன்றும் இராணுவத்தினுடையவை, கடைசி விமானப்படையினுடையது. 2008 ஜூலையில் இராணுவம் பிடித்த விடத்தல்தீவில் வளர்ந்த பெடியன் ஒருவன் அந்தத் திடலில் ஓட்டுநராக நிற்பதற்குப் பணம் மட்டுமல்ல, மனமும் தடை. ஓட்டுநரைத் தேடும் திட்டம் எதுவும் இந்தக் கரைக்கு இப்போதைக்கு வராது. வந்தாலும் கொழும்பில் கார்ட் ஓட்டிய பிள்ளையைத்தான் தெரிவுசெய்யும். பிற் குழுவுக்கு ஆள் தேடி ஓர் அணி வருமானால் கதை வேறு. நடுக்கடலில் நின்றுபோன வள்ளத்து எஞ்சினை இருட்டில் தடவிப் பார்த்தே கிளப்புகிறவர்களும், பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் ஓடிய பெண் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் கார் இருக்கிறதா என்று யாரும் கேட்கத் தேவையில்லை.