தீட்சிதர் குடும்பமும் அதன் இசைச் செல்வமும்

இசைவாணர் ஒருவரின் பெருமையை அளக்கப் புகுவோர் அவர்தம் பாடல்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அப்பாடல்கள் யார் வாயிலாக நம்மை வந்தடைந்தன என்று வினவுவோர் சிலரே. முத்துசுவாமி தீட்சிதரின் ஆக்கங்களை ஆராய்வோர்க்கு இவ்வினா இன்றியமையாதது. அவர் தலைமுறை தலைமுறையாக இசை வளர்த்த ஒரு குடும்பத்தின் நடுநாயகமாக விளங்கியவர்.

மேலைநாட்டில் இக்குடும்பத்துக்கு ஒப்புக் கூறத்தக்கது, பரோக் காலத்து ஜேர்மானிய இசைமேதையாகிய யோகான் செபஸ்தியான் பாக்கின் (1685–1750) குடும்பம். பத்து வயது நிறையுமுன் தாய் தந்தையர் இருவரையும் இழந்த அவரைத் தமையனார் ஆதரித்து வளர்த்தார். இரு மனைவியர்பால் அவர் பெற்ற மக்கள் இருபதின்மர். அவருள் ஆளாகும்வரை வாழ்ந்தோர் பதின்மரே. இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா கணவரின் ஆக்கங்களைத் தம் கையாற் படியெடுத்து உதவியவர். எனினும் கைம்பெண்ணாகி வறுமையுற்று 1760இல் மறைந்தார். தந்தையின் ஏடுகள் மக்களிடையே பிரிந்தன. மூத்த மகன் பெற்ற பங்கிற் பல சிதறின. காள் பிலிப் எமானுவேல் பெற்றவை பேணப்பட்டன. 1829இல் இளைஞர் மெண்டெல்சோன் பேர்லின் நகரில் மத்தேயு பாடுகளின் இசையை மீண்டும் அரங்கேற்றிய பின்னரே பாக்கின் பெருமையைப் பரந்த உலகம் உணர்ந்தது. ஒரு குடும்பம் காக்கவும் வல்லது, இழக்கவும் வல்லது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இனி நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். இராமசுவாமி தீட்சிதர் (1735–1817) திருவாரூரில் வாழ்ந்த பெரும் இசைவல்லுநர். நூற்றெட்டு இராகதாளங்களில் மாலிகை புனைந்தவர். அம்சத்வனி இராகத்தை ஆக்கியவரும் அவரே என்பர். அவர் மைந்தர் முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் மூவர். சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இவர்கள் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலேயரின் வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றனர். அதன் பயன் இரண்டு. முத்துசுவாமி தீட்சிதர் அம்மெட்டுக்கள் பலவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டுசுவர சாகித்தியங்கள். பாலுசுவாமி வயலின் பயின்று, அக்கருவியை நம் இசைக்கு இசைவித்த முன்னோடியானார். பிறநாட்டார் கருவி நம் மரபைக் கெடுத்துவிடும் என்று அவ்வீட்டார் அஞ்சினாரல்லர். தம் மரபில் ஊன்றி நின்றமையால் அஞ்ச வேண்டியிருக்கவுமில்லை.

பிற்காலத்தில் இக்குடும்பம் பிரிவுற்றது. சின்னசுவாமி 1823இல் மறைந்தார். பாலுசுவாமி தென்னாடு சென்று எட்டயபுர அரசரின் ஆதரவு பெற்றார். தம்பியைக் காணச் சென்ற முத்துசுவாமி தீட்சிதர் அவ்வூரிலேயே 1835ஆம் ஆண்டுத் தீபாவளித் திருநாளில் இறைவனடி சேர்ந்தார். குடும்ப மரபு தம்பி வழியிலேயே தொடர்ந்தது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பெயரரும் அவர்க்குச் சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906) தாம் கற்றனவற்றைச் சுரதாளக் குறிப்புடன் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலாக 1904இல் வெளியிட்டார். அதற்கு அவரைத் தூண்டியவருள் முதன்மையானவர் கிறித்தவராகிய சின்னசுவாமி முதலியார் என்பது நினைவில் இருத்தற்குரியது. அந்நூலில் முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகள் 229 இடம்பெற்றுள்ளன.

இங்கேதான் திறனாய்வாளனுக்கு வேலை பிறக்கின்றது. பின்னர் வெளிவந்த பதிப்புக்களில் தீட்சிதர் பெயரால் வழங்கும் உருப்படிகள் நானூற்றைத் தாண்டின. குருகுக என்னும் முத்திரை இருத்தல் ஒன்றையே சான்றாகக் கொண்டு அனைத்தையும் அவருடையன என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது, முத்திரை எவராலும் அமைக்கக்கூடியது. அவ்வாறாயின், சுப்பராமர் நூலில் இல்லாதவை யாவும் போலி என்று தள்ளலாமா? அதுவும் பொருந்தாது. அவர் தாம் அறிந்த அனைத்தையும் அச்சேற்றினார் என்று கொள்ள இடமில்லை. குடும்பத்துக்குப் புறத்தேயும் மாணாக்கர் பலர் இருந்தனர். ஆகவே, இராக இலக்கணம், சொல்லமைதி, பாடாந்தர வழி என்னும் மூன்றையும் ஒருங்குவைத்து ஒவ்வோர் உருப்படியையும் தனித்தனியே ஆராய்தலே நேரிய நெறி. யாவரும் அறிந்த ‘வாதாபி கணபதிம்’ என்னும் கிருதியையே எடுத்துக்கொள்வோம். நூலிற் காணும் வடிவம் எளிமையானது. இன்று மேடையில் ஒலிக்கும் சங்கதிகளுட் பல மகாவைத்தியநாத ஐயர் காலத்தில் சேர்ந்தவை என்பர். இரண்டும் அழகே. எனினும் பின்னதை முன்னவர் தலையில் ஏற்றுதல் புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது.

குடும்பத்துக்குப் புறத்தே இருந்த மாணாக்கரை மறத்தல் நன்றியன்று. தஞ்சை நால்வராகிய பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்போரும், திருவாரூர்ச் சுத்தமத்தளம் தம்பியப்பனும் இசைவேளாளர் மரபினர். ஆடலரங்கிலும் கோயிற் பணியிலும் தீட்சிதர் இசை நிலைபெற்றது இத்தகையோரால். பெட்டியிற் கிடந்த ஏடன்று, நாள்தோறும் ஒலித்த வாத்தியமே அவ்விசையை ஊர்தோறும் கொண்டு சென்றது.

ஈழத்துத் தீவகத்தார்க்கும் இச்செய்தி அயலானதன்று. கடல் சூழ்ந்த நம் ஊர்களில் கிருதிகளைப் பெரும்பாலோர் முதலிற் கேட்டது கச்சேரி மேடையிலன்று, கோயில் வீதியில் நாதசுரத்திலேயே. மடத்துவெளியில் முருகனை வணங்குவோர்க்குக் குருகுகன் என்னும் முத்திரை தம் தெய்வத்தின் திருப்பெயரே. தந்தை ஆக்கிய அம்சத்வனியில் மைந்தர் பாடிய கிருதியை நம் வித்துவான்கள் வாசிக்கும்போது, திருவாரூர் வீடு ஒன்றின் இரு தலைமுறை நம் வீதியில் உலா வருகின்றது.

மேலைநாட்டார் பாக்கின் ஏடுகளைத் தொகுப்பதற்கென 1850இல் ஒரு கழகம் நிறுவி அரை நூற்றாண்டு உழைத்தனர். நம்மவரோ, எட்டயபுரத்து முதியவர் ஒருவர் தம் இறுதிக் காலத்தில் ஆற்றிய பணியையே இன்றும் பெரிதும் சார்ந்து நிற்கின்றோம். கேட்ட பாடாந்தரங்களையும் அவற்றைக் கற்பித்தோர் பெயர்களையும் எழுதிவைத்தல் அரிய செயலன்று. நாதசுர வித்துவான்களின் நினைவில் மாத்திரம் வாழும் பாடாந்தரங்கள் அவர்களோடு மறையுமுன், இசை பயிலும் மாணவர் அப்பணியை மேற்கொள்வாராக. ஒரு வீடு காத்த செல்வத்தை இனிக் காக்க வேண்டியது நாடு.