கன்னத்தில் ஜிகினா, காலில் வேகம்

2018 பிப்ரவரி 21. பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு டீம் ஸ்பிரிண்ட் இறுதிப் போட்டி. கடைசிச் சுற்றில் மூன்று பேர் முன்னால் வருகிறார்கள். ஸ்வீடனின் ஸ்டினா நில்சன், நார்வேயின் மைகன் ஃபல்லா, அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிகின்ஸ். முதல் இருவரும் அதே ஒலிம்பிக்கில் தனிநபர் ஸ்பிரிண்டில் தங்கமும் வெள்ளியும் வாங்கியவர்கள். டிகின்ஸுக்கு அந்தப் பெருமை இல்லை. கடைசி நேர்ப்பாதையில் அவர் நில்சனைத் தாண்டினார். வித்தியாசம் 0.19 விநாடி. 1976-ல் பில் கோச் வாங்கிய ஒரு வெள்ளிக்குப் பிறகு, 42 ஆண்டுகள் கழித்து, கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் அமெரிக்காவுக்குப் பதக்கம் வந்தது, அதுவும் தங்கமாக.

இந்த விளையாட்டில் மலை உச்சியிலிருந்து கீழே பாய்ந்தால் மட்டும் போதாது. ஏற்றம், சமவெளி, இறக்கம் மூன்றையும் சொந்த மூச்சைக் கொண்டே கடக்க வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் உலக சாம்பியன்கள்கூட பனியில் சுருண்டு விழுவார்கள். இவ்வளவு வலிக்கிற ஒன்றை எட்டு வயதுப் பிள்ளை ஏன் சிரித்துக்கொண்டே செய்கிறது? டிகின்ஸின் கடைசி நூறு மீட்டருக்கான விளக்கம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

டிகின்ஸ் மினசோட்டா மாநிலத்தின் ஆஃப்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். நடக்கப் பழகும் முன்பே பெற்றோரின் முதுகுப்பையில் உட்கார்ந்து பனிப்பாதைகளைப் பார்த்தவர். அங்கே சிறுவர் பனிச்சறுக்குக் குழுக்களைப் பெரும்பாலும் பெற்றோரே சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். அப்படி ஒரு பயிற்சி வேளையைக் கூர்ந்து கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். குழந்தைகளின் கையிலிருந்து முதலில் ஊன்றுகோல்களை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். பிறகு தொட்டு விளையாட்டுதான். ஒருவர் துரத்த, மற்றவர்கள் பனிமேட்டைச் சுற்றி ஓட வேண்டும். கோல் இல்லாததால் தப்பிக்க ஒரே வழி, முழு உடல் எடையையும் ஒரு ஸ்கீயின் மேல் போட்டு, வழுக்கி, அடுத்த காலுக்கு மாற்றுவது. இந்த எடை மாற்றம்தான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. இருபது வயதில் ஆரம்பிப்பவருக்கு வீடியோ போட்டுக் காட்டினாலும் இது எளிதில் படியாது. ஏழு வயதுக் குழந்தை பிடிபடாமல் ஓடுகிற அவசரத்தில் தானாகவே கற்றுக்கொண்டுவிடுகிறது.

நார்வே இதையே நாடு தழுவிய கொள்கையாக வைத்திருக்கிறது. அங்குள்ள விளையாட்டுக் கூட்டமைப்பு 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகளைக் கடைப்பிடிக்கிறது. 11 வயதை எட்டும் ஆண்டு வரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. தேசிய அளவிலான பட்டப் போட்டிகள் 13 வயதை எட்டும் ஆண்டிலிருந்துதான். கலந்துகொண்டால் எல்லோருக்கும் பரிசு. இப்படி வளர்த்தால் வெற்றி வெறி மழுங்கிப் போகாதா என்று கேட்பவர்களுக்கு, 2022 பெய்ஜிங் பதக்கப் பட்டியலைக் காட்டலாம். சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் அந்த நாடு 16 தங்கம் வென்றது. அதுவரை எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் வாங்கியதில்லை.

இதற்குக் காரணம் உடல் வளர்ச்சியில் இருக்கிறது. தாக்குப்பிடிக்கும் திறனை நம்பிய விளையாட்டில், 12 வயதில் முதலாவதாக வருபவர் பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்த பிள்ளை, அவ்வளவுதான். தாமதமாக வளர்பவனை அந்த வயதில் கடிகாரத்தை வைத்து எடைபோட்டால் அவன் மனம் உடைந்து விலகிவிடுவான். நார்வே வீரர் ஜொஹான்னஸ் க்ளேபோவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் சகாக்களைவிடக் குள்ளமாக, பலம் குறைந்தவராக இருந்தார். தாத்தாதான் பயிற்சியாளர். பலத்தால் முடியாததை நுட்பத்தால் ஈடுகட்டப் பழகினார். 2025-ல் தான் வளர்ந்த ட்ரோண்ட்ஹெய்மில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், ஆண்களுக்கான ஆறு போட்டிகளிலும் அவருக்கே தங்கம். பதினான்கு வயதில் யாராவது பட்டியலைப் பார்த்து அவரைக் கழித்துக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பில் கோச்சின் பெயரிலேயே ஒரு சிறுவர் லீக் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. ஆண்டுக்கொரு முறை அதன் திருவிழா நடக்கும். பந்தயம் உண்டு, பதக்கம் உண்டு, ஆனால் அன்றைய நாளின் உச்சம் ரிலேதான். ஒருவர் வந்து அடுத்தவர் உடம்பைக் கையால் தொட்டால்தான் அவர் கிளம்பலாம். தொடுவதற்காகக் காத்திருக்கும் பிள்ளை கழுத்தை நீட்டி, தன் அணியின் எண் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குதிக்கும். முன்னால் வந்தவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. பாதையோரம் நின்று, கடைசியாக வரும் குழந்தைக்கு முதலாவதாக வந்தவருக்கு அடித்ததைவிடப் பலமாக மணி அடிப்பார்கள். சூடான சாக்லேட் பானம் ஊற்றுவதும், பாதையைச் சீர்செய்வதும், எண் துணியைச் சேகரிப்பதும் யாரோ ஒருவரின் அம்மா, யாரோ ஒருவரின் தாத்தா.

டிகின்ஸ் வளர்ந்த மினசோட்டா மண்ணும் அப்படிப்பட்டதுதான். பெரிய மேடைக்கு வந்தபோது அந்த மண்ணையும் கூடவே கொண்டுவந்தார். முகத்தில் ஜிகினா பூசிக்கொண்டுதான் பந்தயத்துக்கு வருவார். ரிலே என்றால் அமெரிக்கப் பெண்கள் முழங்கால் வரை கோடுபோட்ட காலுறை அணிந்து வருவார்கள். 2012-ல் ஸ்வீடனின் கேலிவாரேவில் முதன்முறையாக உலகக் கோப்பை ரிலேயில் மூன்றாமிடம் பிடித்தபோதும் அப்படித்தான். பியோங்சாங்கில், தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில் ஆடிய அணித்தோழி கிக்கன் ராண்டல் கையால் தொட்டு அனுப்பிய பிறகுதான் அந்தக் கடைசிச் சுற்றை டிகின்ஸ் ஓடினார். தனக்காக மட்டும் ஓடியிருந்தால் அந்த 0.19 விநாடி கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆண்கள் அணியின் கதையும் இதேதான். 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜூனியர் உலக சாம்பியன்ஷிப் ரிலேயில் அமெரிக்கப் பையன்கள் தங்கம் வென்றார்கள். அந்த அணியில் இருந்த அலாஸ்காக்காரர் கஸ் ஷூமாக்கர், 2024 பிப்ரவரி 18 அன்று மினியாபொலிஸ் நகரின் தியடோர் வொர்த் பூங்காவில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றார். நீண்ட தூரப் பந்தயத்தில் ஓர் அமெரிக்க ஆண் வெல்வது 1983-ல் கோச்சுக்குப் பிறகு அதுவே முதல்முறை. வேலியோரம் நெருக்கியடித்து நின்றவர்களில் பலர் உள்ளூர் சிறுவர் குழுப் பிள்ளைகள். அதே பூங்காவில் வாரந்தோறும் தொட்டு விளையாடுபவர்கள். தங்கள் பாதையிலேயே உலகக் கோப்பை நடப்பதைப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தக் குளிர்காலம் மினசோட்டா கண்டதிலேயே மிகவும் வெப்பமானது. இயந்திரத்தில் தயாரித்த பனியை வைத்துத்தான் பாதையைக் காப்பாற்றினார்கள். போட்டிக்குச் சில நாள் முன்பு நல்லவேளையாக வானமும் கொஞ்சம் பொழிந்தது. இது ஒருபுறம். மறுபுறம் செலவு. வழுக்கலைக் கூட்டும் ஃப்ளோரின் மெழுகு விலையில் கொள்ளை, உடலுக்கும் மண்ணுக்கும் கேடு. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து அதை முழுமையாகத் தடை செய்தது நல்ல முடிவு. அதோடு நிறுத்தக் கூடாது. பதக்கம் வந்ததும் பணம் தேசிய அணியை நோக்கி ஓடுவது பல நாடுகளில் வழக்கம். இங்கே அது எதிர்த்திசையில் ஓட வேண்டும். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் செயற்கைப் பனிச்சுற்று, கால் வளர வளர மாற்றிக்கொள்ள குழுவிடமே வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கீக்கள், இரண்டுக்கும்தான் முதல் ஒதுக்கீடு.