சாவியை நம்பர் என்று சொன்னால்

2021-ல் கிள்ளானில் இருக்கும் என் அத்தை நாலாயிரம் வெள்ளியை இழந்தார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் நல்ல தமிழில், வார்த்தைக்கு வார்த்தை ‘அம்மா’ போட்டுப் பேசியிருக்கிறான். “உங்க கார்ட வேற யாரோ யூஸ் பண்றாங்கம்மா. நிறுத்தணும்னா இப்ப போன்ல வர்ற டேக் நம்பரச் சொல்லுங்க.” சொல்லிவிட்டார். மோசடியைப் புகார் செய்ய 997 என்ற எண் அப்போது இல்லை, அது 2022 அக்டோபரில்தான் வந்தது.

நான் கத்தினேன். அத்தை அமைதியாகச் சொன்னார்: “அவன் நம்பர் கேட்டான், குடுத்தேன். சாவியக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனாடா?”

அதற்குப் பிறகுதான் கணினிப் பாதுகாப்புக்கென்று தமிழில் உள்ள கலைச்சொற்களைத் தேடிப் படித்தேன். கலைச்சொல் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது, ‘இது நல்ல தமிழா?’ ஒரு கவிதையில் வரும் படிமத்தை நாம் அப்படி மதிப்பிடுவதில்லை. அது எதைக் காட்டுகிறது என்று பார்க்கிறோம். இந்தச் சொற்களையும் அப்படித்தான் வாசித்தேன்.

முதலில் தேறுவது ‘கடவுச்சொல்’. கடவு என்றால் வழி. மலாயில் ‘காத்தா லாலுவான்’ என்கிறார்கள், அதுவும் வழிக்கான சொல்தான். நம் நாளிதழ்கள் பாஸ்போர்ட்டைக் ‘கடப்பிதழ்’ என்று எழுதுவதிலும் இதே ‘கட’ இருக்கிறது. அத்தை அதைக் ‘கடவுள் சொல்’ என்றே வாசித்தார். அதிலும் பெரிய தப்பில்லை, மந்திரத்தையும் ஊருக்குச் சொல்லக் கூடாதுதானே.

அத்தையிடம் பறித்த டேக்குக்கும் தமிழில் பெயர் உண்டு: ஒருமுறைக் கடவுச்சொல். கார்டு எண் திருடனிடம் ஏற்கெனவே இருக்கலாம். உரிமையாளர்தான் பணம் கொடுக்கிறாரா என்று உறுதி செய்ய வங்கி அவருடைய போனுக்கு அனுப்பும் இரண்டாவது பூட்டின் திறவுகோல் அது. தமிழ்ப் பெயரில் அந்த எச்சரிக்கை இருக்கிறது, ‘டேக் நம்பரில்’ இல்லை. ஆனால் நாம் வீட்டில் புழங்குவது டேக் நம்பரைத்தான்.

எல்லாச் சொல்லும் இப்படித் தேறாது. ‘என்கிரிப்ஷன்’ என்பதைச் சிலர் ‘குறியாக்கம்’ என்று எழுதுகிறார்கள். அதே சொல் ‘என்கோடிங்’ என்பதற்கும் போகிறது. இரண்டும் ஒன்றா? ஒருங்குறியில் ‘அ’ என்ற எழுத்தின் எண் 0B85. அந்த அட்டவணை உலகத்துக்கே திறந்து கிடக்கிறது, யாரும் எதையும் மறைக்கவில்லை. என்கிரிப்ஷனில் திறவுகோல் இல்லாதவனுக்கு எதுவும் புரியக் கூடாது. ‘மறையாக்கம்’ அதைச் சரியாகச் சொல்கிறது. ஒரு செயலி என் தகவலைக் ‘குறியாக்கம்’ செய்கிறது என்று சொன்னால், பத்திரமாக இருக்கிறதா, வெறுமனே வேறு எண்ணில் எழுதப்பட்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அடுத்தது ‘ஃபயர்வால்’. ‘தீச்சுவர்’ என்றதும் எனக்குத் தெரிவது தீயாலான சுவர், ஏதோ மாயாஜாலப் படக் காட்சி. கட்டடக்கலையில் அது தீ பரவாமல் தடுக்கும் சுவர். இதைப் புரிந்துகொள்ள நமக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் போதும். 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்பு வீடுகளை அழித்தன. பிறகு ஸ்வெட்டன்ஹாம் காலத்தில் நகரம் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுந்தது. அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். அந்தச் செங்கல் சுவர்தான் ஃபயர்வால். ‘தீத்தடுப்புச் சுவர்’ என்றால் கொஞ்சம் நீளம், ஆனால் பொய் சொல்லாது.

கணினியில் அது செய்யும் வேலை கிள்ளான் துறைமுகத்துச் சுங்க அதிகாரியின் வேலைக்குப் பக்கத்தில் வரும். எங்கிருந்து வருகிறது, எந்தத் துறைக்குப் போகிறது என்று பார்த்து விடும் அல்லது நிறுத்தும். ‘போர்ட்’ என்பதற்குத் ‘துறை’ என்று வைத்தவருக்கு ஒரு சபாஷ். ஆனால் வீட்டுக்காரரே போனில் சாவியை எடுத்துக் கொடுத்தால் எந்தச் சுவரும் காப்பாற்றாது.

அதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை அப்படியே பெயர்த்து ‘சமூகப் பொறியியல்’ என்கிறோம். பல்கலைக்கழகப் பாடம் மாதிரி இருக்கிறது. இனிக்கப் பேசிக் கெடுப்பதற்கு நம்மிடம் ‘நயவஞ்சகம்’ என்ற சொல் எத்தனை காலமாக இருக்கிறது! பெயர் சரியாக இல்லாததால் அத்தையின் சொந்தக்காரர்கள் இன்றும் “ஹேக் பண்ணிட்டான்” என்கிறார்கள். யாரும் எதையும் உடைக்கவில்லை. உடைத்தார்கள் என்று நம்பினால் அடுத்த முறையும் நம் கையில் எதுவும் இல்லை என்றுதான் தோன்றும்.

‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவராக நாம் நினைவுகூரும் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஒரு சிறுகதை எழுத்தாளர். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மலேசியாவில் பிறந்தது. தமிழ் இணைய மாநாடு 2001-லும் 2013-லும் கோலாலம்பூரில் நடந்தது. சொல்லும் விசைப்பலகையும் இந்த வட்டாரத்திலிருந்து வந்திருக்க, இங்கே எழுதும் நாம் பாதுகாப்புச் சொற்களைக் கணினிக்காரர்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டோம். நான் வாசித்த மலேசியக் கதைகளில் தோட்டத்துக் கிராணி ஏமாற்றுகிறார், வட்டிக்காரன் ஏமாற்றுகிறான். போனில் ‘அம்மா’ என்று கூப்பிடுகிறவன் இன்னும் வரவில்லை. அவன் கதைக்குள் வந்தால் அவன் செய்வதற்குச் சொல்லும் கூடவே வரும்.

குறுஞ்செய்தியில் டேக் அனுப்புவதை நிறுத்தும்படி 2022-ல் பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னது. இப்போது அத்தையின் செயலியில் நம்பரே வருவதில்லை, அனுமதிக்கச் சொல்லி ஒரு பொத்தான் வருகிறது. அத்தை அதையும் ‘சாவி’ என்றே சொல்கிறார். போன வாரம் போன் சிணுங்கியபோது, “என்ன வந்திருக்கு, காட்டுங்க” என்று கை நீட்டினேன்.

“சாவிடா” என்று போனை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.