எந்தத் தெரு என்று கேட்காத சத்திரம்

திருநெல்வேலிப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று கேள்விகள் வரிசையாக வரும். ‘தம்பிக்கு எந்த ஊரு?’ ‘அங்க யாரு வீடு?’ அப்புறம், ‘எந்தத் தெரு?’ முதல் இரண்டும் வெறும் விசாரிப்பு. மூன்றாவதற்குச் சொல்லும் பதிலில் சாதி தெரிந்துவிடும். பழைய சத்திரங்களைப் பற்றி இன்று நாம் பேசும் ஏக்கப் பேச்சில் இந்த மூன்றாவது கேள்வி வசதியாக மறந்துபோகிறது. பழைய கட்டடங்களை ஓட்டலாக்கும்போது மறந்துபோவது வேறொன்று. இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் ‘பாரம்பரிய விடுதி’ என்கிற வகைமையை மதிப்பிட முடியாது.

சத்திரம் தனிக் கட்டடமாக இருந்ததில்லை. சாலை, நிழல் மரம், கிணறு, சுமைதாங்கிக் கல், மண்டபம் எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி அது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் தென்மாவட்டச் சாலைகளிலும், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். தாமிரபரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கும்வரை, பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே படகுதான். ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடப்பவனுக்கு ஒரு கூரையும் ஒரு வாய்க் கஞ்சியும் வேண்டும். சத்திரம் பிறந்தது இந்தத் தேவையில்.

சத்திரம் என்னவெல்லாம் செய்தது என்பதற்கு நல்ல சான்று, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம். நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனபிறகு, சத்திரங்களையாவது விட்டுவையுங்கள் என்று கேட்கும் கடிதம் அது. எந்தச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு, சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் பண்டமும் தனியாக. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். நோயாளிக்கு மருந்து, அநாதைப் பிள்ளைக்கு உணவோடு படிப்பு. இந்தப் பட்டியலில் கட்டடத்தின் அழகைப் பற்றிய பேச்சு இல்லை. சத்திரத்தின் பெருமை அதன் தூணில் இல்லை, அந்த நள்ளிரவு மணியில் இருந்தது.

என் தொழிலில் ‘ரீஃபேக்டரிங்’ என்று ஒன்று உண்டு. மென்பொருள் வெளியே செய்கிற வேலை துளியும் மாறாமல், உள்ளே இருக்கும் கட்டமைப்பை மட்டும் மாற்றுவது. பாரம்பரிய விடுதி இதைத் தலைகீழாகச் செய்கிறது. கட்டமைப்பு அப்படியே நிற்கும். அது செய்த வேலை முழுக்க மாறிவிடும். தெற்கே அப்படி மாற்றப்பட்ட ஒரு பழைய விடுதியில் ஓரிரவு தங்கினேன். சுண்ணாம்புக் காரையைத் தேய்த்து மெருகேற்றிய சுவரும், தேக்கு உத்தரமும், முற்றத்தில் விழுந்த நிலா வெளிச்சமும் உண்மையிலேயே அருமை. அந்தக் கைவேலையைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாயங்காலம், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வயசான அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்தபோது காவலாளி வந்து, ‘இங்க உக்காரப்படாதும்மா, கெஸ்ட்டு வர்ற எடம்’ என்றார். வழிப்போக்கர் உட்காரத்தான் திண்ணை கட்டினார்கள். இப்போது அதில் பித்தளை உருளியில் பூ மிதக்கிறது.

இதை வைத்து ‘அந்தக் காலமே காலம்’ என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தக் காலத்துப் பந்தி எப்படி இருந்தது? இதே ஆற்றங்கரையில், சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விஷயம் 1924-25-இல் தமிழக அரசியலையே உலுக்கியது. தேசபக்தர்கள் நடத்திய பள்ளியிலேயே இந்தக் கதி. 1917-இல் கொலம்பியாவில் படித்துவிட்டு வேலைக்காக பரோடா போன அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவருக்கு விடுதியில் பணம் பிரச்சினையாக இல்லை, பெயர்தான் பிரச்சினை. ஆகவே, காசை வாங்கிக்கொண்டு சாவியைத் தருகிற லாட்ஜ் ஒரு விடுதலைதான். அட்டையைத் தேய்த்தால் போதும், தெருவைச் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் நமக்கு இரண்டே வழிதானா? தெரு கேட்கிற தர்மம், இல்லையென்றால் காசு கேட்கிற சமத்துவம்? ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற யாத்திரைத் தலம் உண்டு. அங்கே யாத்திரிகருக்காக 1499-இல் அரச ஆணையால் உருவான மருத்துவச் சத்திரம் 1954-இல் அரசின் சொகுசு ஓட்டலானது. ஆனாலும் தினமும் முதலில் வந்துசேரும் பத்து யாத்திரிகருக்கு இலவசச் சாப்பாடு என்ற வழக்கத்தை அந்த ஓட்டல் வைத்துக்கொண்டது. பத்துப் பேர் என்பது சொற்பம்தான், விளம்பரம் என்றும் சொல்லலாம். இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்குத் தன் பழைய வேலை கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. சரபோஜி தன் காதலி முத்தம்பாள் நினைவாக ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரம் பின்னாளில் பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் பயன்பட்டது. பூச்சு உதிர்ந்திருக்கலாம். ஆனால் வேலையைப் பொறுத்தவரை, எந்த நட்சத்திர ஓட்டலையும்விட அதுதான் நல்ல பராமரிப்பு.

சத்திரம் இனித் தேவையில்லை, எல்லா ஊருக்கும் பஸ் இருக்கிறது என்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் 17-ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம், தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டு, கோவிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். 1843-க்கு முன்னால் கரையில் காத்துக் கிடந்தவனின் நிலைமை அப்படியே திரும்பி வந்தது. அந்தப் பந்தியில் தெரு கேட்டிருக்க வழியில்லை, காசு கேட்டிருக்கவும் வழியில்லை.

பழைய சத்திரம் ஒன்றை விடுதியாக்க அனுமதி கேட்பவர்களிடம் தூண், ஓடு, வர்ணம் எல்லாவற்றுக்கும் நிபந்தனை போடட்டும். கூடவே இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்: திண்ணை பொதுவில் இருக்க வேண்டும், மழை வெள்ளம் வந்தால் கூடத்தைத் திறந்துவிட வேண்டும். வாடகை கட்டி மாடியில் படுத்திருப்பவருக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. தான் தங்கியிருப்பது சத்திரத்தில்தான் என்று அவருக்கும் தெரியும்.