குழந்தையின் தட்டும் டாக்டர் டேவிஸின் ஆய்வும்

"பிள்ளை வாயையே திறக்கமாட்டேன் என்கிறது!" தென்காசியை அடுத்த அச்சன்புதூரானாலும் அமெரிக்காவின் சிகாகோ நகரமானாலும் தாய்மார்களின் முறையீடு ஒன்றே. பூச்சாண்டி காட்டியாவது ஊட்டிவிட வேண்டும் என்பர் ஒரு சாரார். கேட்டதைக் கொடுங்கள், தனக்கு வேண்டியது எது என்று குழந்தைக்கே தெரியும் என்பர் மற்றொரு சாரார். இந்த இரண்டாவது கருத்துக்குச் சான்றாக ஒரு பழைய ஆய்வு எடுத்துக்காட்டப்படுவதுண்டு. அந்த ஆய்வு மெய்யாகவே அப்படித்தான் கூறுகிறதா என்று பார்ப்போம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1926-இல் இவ்வாய்வைத் தொடங்கினார். 1939-இல் அதன் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் பங்குகொண்டவை 15 குழந்தைகள். அப்போதுதான் பால் மறந்தவை. வேறு உணவின் சுவையை அறியாதவை. அவற்றுக்கென 34 உணவு வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வேளைதோறும் பல கிண்ணங்கள் எதிரே வைக்கப்படும். தாதி கரண்டியுடன் வாய் பேசாது அமர்ந்திருப்பார். குழந்தை கை நீட்டினால் மட்டுமே ஊட்டுவார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக உண்டது. ஆயினும் எல்லாமே நன்கு வளர்ந்தன.

அப்படியானால் 'கேட்டதைக் கொடு' என்பது சரிதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் தவறு. அந்த 34 வகைகளில் சர்க்கரை கிடையாது, மிட்டாய் கிடையாது, டப்பா உணவு கிடையாது. தானியம், காய், கனி, பால், முட்டை, மீன், இறைச்சி இவையே இருந்தன. சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே சொல்லியிருக்கிறார். தெருமுனைக் கடையில் சரம்சரமாகத் தொங்கும் பொட்டலங்களுக்கு இவ்வாய்வு சான்று ஆகாது.

ஆய்வில் இன்னொரு குறையும் உண்டு. குழந்தைகள் ஆய்வில் சேர்ந்தபோது கைக்குழந்தைகள். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவம். புதிய உணவைக் கண்டு அஞ்சும் இயல்பு பெரும்பாலும் 2 வயதை ஒட்டியே வலுப்பெறுகிறது. குற்றாலத்துச் சாரல் காலத்தில் வாங்கிவந்த ரம்புட்டான் பழத்தை 3 வயதுக் குழந்தை தொடவும் மறுத்தால் அது அடமன்று, வயதின் இயல்பு. பசியும் அப்போது குறைகிறது. முதல் ஆண்டில் பிறந்த எடை மும்மடங்காகிறது. இரண்டாம் ஆண்டிலோ ஏறத்தாழ 2 முதல் 2½ கிலோதான் கூடுகிறது. வளர்ச்சி வேகம் தணிந்தால் பசியும் தணியத்தானே செய்யும்?

வற்புறுத்துவதால் பயன் உண்டா? லியான் பர்ச் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட சோதனையில், புதிய பானம் ஒன்றைக் குடித்தால் பரிசு என்று ஆசை காட்டப்பட்ட சிறுவர்களுக்கு அப்பானத்தின் மேல் விருப்பம் குறைந்தே போயிற்று. 'கீரை தின்றால் மிட்டாய்' என்னும் நம் வீட்டுப் பேரமும் இத்தகையதே.

ஆகவே டேவிஸின் ஆய்வில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாகாது. எதை, எப்போது தருவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும்; எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். அச்சன்புதூர் வீட்டில் இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சோறும் பாசிப்பருப்பும், முருங்கைக்கீரை, முட்டை, வாழைப்பழம், மோர், சுண்டல் ஆகியவை போதும். குழந்தைக்குப் பழகிய ஒன்றோடு புதியது ஒன்றைச் சிறிதளவு வையுங்கள். ஒதுக்கினால் திட்டாதீர்கள், சில நாள் கழித்து மறுபடி வையுங்கள். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகே விரும்பும் குழந்தைகளும் உண்டு. வீட்டார் சேர்ந்து அமர்ந்து அதையே உண்பது நல்லது. இடையிடையே பிஸ்கட்டு கொடுத்துப் பசியைக் கெடுக்காதீர்கள்.

எல்லா மறுப்பும் இயல்பானது என்று இருந்துவிடவும் கூடாது. எடை கூடாமை, முகம் வெளுத்தல், மண் தின்னுதல், விழுங்கும்போது புரையேறுதல் ஆகியவை இருந்தால் காரணம் வேறு. இரத்தசோகை பசியைக் குறைக்கும், குடற்புழுவும் குறைக்கக்கூடும். அங்கன்வாடியில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால், தட்டில் மிஞ்சிய இரண்டு கவளத்துக்காகக் குழந்தையை அழவைக்க வேண்டாம்.