‘குடும்பத்தோடு பார்க்கலாம்’: ஒரு தீர்ப்பின் மதிப்பீடு

“படம் எப்படி?” என்று வினவினால் நம் சபையார் பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றையே தருவர். “குடும்பத்தோடு பார்க்கலாம், ஐயா” என்பது ஒன்று. “குடும்பத்தோடு பார்க்க முடியாது, ஐயா” என்பது மற்றொன்று. கதை யாது, நடிப்பு எத்தகையது, இயக்குநர் கூற விழைந்தது என்ன என்பன பின்னரே வரும். பல வேளைகளில் வருவதேயில்லை. இத்தீர்ப்பை வழங்குவோர் திரைப்படத் திறனாய்வாளர் அல்லர். பகலெல்லாம் வயலிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு, இரவில் பாயை விரித்துத் தொலைக்காட்சியின்முன் அமரும் எளிய மக்கள். அவர்தம் தீர்ப்பை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. அத்தீர்ப்பு எதை அளக்கிறது, எதை அளக்கத் தவறுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயர்களாகிய நம்மிடமும் இவ்வினா நாள்தோறும் கேட்கப்படுகிறது. நாமும் சிந்தியாமலே விடையிறுத்து வருகிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம்.

1. சட்டம் தரும் விடை

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் நெடுங்காலம் இரண்டு பிரிவுகளையே அறிந்திருந்தது. ‘யு’ எனின் அனைவரும் பார்க்கலாம். ‘ஏ’ எனின் வயது வந்தோர் மட்டும். 1983இல் பெற்றோர் வழிகாட்டுதலுடன் சிறுவர் பார்க்கத்தக்க ‘யுஏ’ என்னும் பிரிவும், குறிப்பிட்ட தொழிலினர்க்குரிய ‘எஸ்’ என்னும் பிரிவும் சேர்க்கப்பட்டன. 2023இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் ‘யுஏ’ என்பதை 7, 13, 16 என்னும் வயதெல்லைகளால் மூன்றாகப் பகுத்தது. இணையவழி வீட்டிற்கு வரும் படங்களுக்கு 2021ஆம் ஆண்டின் விதிகள் இதையொத்த வகைப்பாட்டை வகுத்தன. 13 வயதிற்கு மேற்பட்டோர்க்குரியவற்றைப் பெற்றோர் பூட்டிவைக்க வழிசெய்யுமாறும் பணித்தன.

நீதிமன்றங்களும் இதுபற்றிச் சிந்தித்துள்ளன. 1970இல் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், திரைப்படம் பிற கலைகளைவிட உணர்ச்சியை வலிதாகத் தாக்குவது என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப்படத்திற்கு வழங்கப்பட்ட ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டளித்தது. ஒரு படத்தை அளக்கும்போது இயல்பான அறிவுள்ள சாதாரண மனிதனின் நோக்கையே கொள்ளவேண்டும், எதற்கும் பதறுகிறவனின் நோக்கையன்று என்று அத்தீர்ப்பு கூறியது. பாயில் அமர்ந்து படம் பார்க்கும் நம் சபையாருக்கு இதனினும் பெரிய மதிப்பை எவரும் அளித்ததில்லை.

எனினும் சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது. யார் பார்க்கலாம் என்பதை அது சொல்லும்; பார்த்தபின் வீட்டில் என்ன பேசவேண்டும் என்பதைச் சொல்லாது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் இதற்கு நல்ல நினைவூட்டல். அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்த இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்தார். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் 1947இல் நிறைவேறின. கோயில் வாயில்கள் சட்டத்தால் திறந்தன. வீட்டு வாயில்கள் அவ்வாறு திறந்தனவா? ஓமந்தூரிலேயே ஒரு சபையார் இல்லத்தில் இவ்வினா நம்மை எதிர்கொண்டது.

2. மூன்று மாலைகள்

அவ்வில்லத்தில் ஒரு மூதாட்டியார், பள்ளியாசிரியராகிய அவர் மகன், மருமகள், பதின்மூன்று வயதுச் சிறுமி, ஒன்பது வயதுச் சிறுவன் என ஐவர் உள்ளனர். சென்ற ஆண்டு வீட்டு ஜெபக்கூட்டங்களுக்காகச் சென்றபோது, கூட்டம் முடிந்து உணவருந்திய பின்னர் மூன்று மாலைகளில் அவர்களோடு மூன்று படங்களைப் பார்த்தோம்.

முதல் மாலை, 1986இல் விசுவின் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘சம்சாரம் அது மின்சாரம்’. நலமான பொழுதுபோக்கு தரும் சிறந்த வெகுசனப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது அது. “இதுதான் ஐயா குடும்பப் படம்” என்றார் மூதாட்டியார். அம்மையப்ப முதலியாரின் கூட்டுக்குடும்பம் பணத்தால் பிளவுபடுகிறது. தந்தை வீட்டின் நடுவே கோடு கிழிக்கிறார். அக்கோட்டின் இருபுறமும் நடப்பதே படத்தின் உயிர். முதலியாரின் மகள் பீட்டர் பெர்னாண்டஸ் என்னும் கிறிஸ்தவ இளைஞனை மணக்கிறாள் என்பதும் நம் வாசகர்க்குச் சுவை பயக்கும்.

படத்தின் முடிவே அதன் சிறப்பு. குடும்பம் மீண்டும் ஒன்றுகூடும் வேளையில், மூத்த மருமகள் உமா மீண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ மறுக்கிறாள். விலகி வாழ்ந்து அன்பைக் காப்போம் என்பது அவள் முடிவு. பார்வையாளர் விரும்பும் இன்ப முடிவை மறுத்த இத்துணிவை நாம் பாராட்டுகிறோம். சமாதானம் இல்லாதிருக்கச் சமாதானம் என்று சொல்லுவோரை எரேமியா கடிந்ததை நினைவுகூர்க. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்கவியலாது. ஆடவர் அனைவரும் உடைத்ததைப் பெண்ணொருத்தியே ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. தந்தையின் பிடிவாதமும் மகனின் தன்னலமும் மன்னிக்கப்படுகின்றன; உமாவின் களைப்பை எவரும் கேட்பதில்லை. இதனை நாம் கூறியபோது மருமகள் அடுக்களையிலிருந்து, “அதை யாரு ஐயா கேக்குறாங்க?” என்றார். படத்திற்கு அன்று கிடைத்த மிகச் சிறந்த திறனாய்வு அதுவே.

இரண்டாம் மாலை, பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988இல் வந்த இப்படம் சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருது பெற்றது. அலுவலகத்தில் பணிபுரியும் சுதா, தங்கையோடும் முதியவரான தாத்தாவோடும் வாழ்பவள். ஒரு சிறு வீடு கட்ட முனைந்து படும் பாடே கதை. பாடல் இல்லை, சண்டை இல்லை, ஆபாசம் துளியுமில்லை. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா, முற்றுப்பெறாத வீட்டைக் காணச் செல்லும் காட்சியில் மூதாட்டியார் கண்ணீர் விட்டார். சிறுவனோ உறங்கிவிட்டான். “குடும்பத்தோடு பார்க்கலாம் ஐயா, ஆனா இழுவை” என்றார் ஆசிரியர். தீங்கற்றது என்பதும் விருப்பமானது என்பதும் ஒன்றல்ல என்பதை அம்மாலை காட்டியது. ‘குடும்பப் படம்’ என்று நாம் புகழும் பலவற்றில் மனைவியை அறைதல் நகைச்சுவையாகவும், மறுக்கும் பெண்ணை விடாது பின்தொடர்தல் காதலாகவும், தடித்த உடலும் கறுத்த நிறமும் கேலிப்பொருளாகவும் காட்டப்படுகின்றன. அவற்றின்முன் எவரும் உறங்குவதில்லை. சிறுவரை எவரும் உள்ளறைக்கு அனுப்புவதுமில்லை.

மூன்றாம் மாலை, த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’. 2021 நவம்பர் 2ஆம் நாள் இணையவழி நேரே வீடுகளுக்கு வந்த படம் அது. 1993இல் அக்காலத் தென்னார்க்காட்டில் காவலில் இறந்த ஒருவருக்காக வழக்கறிஞர் கே. சந்துரு நடத்திய வழக்கே அதன் அடிப்படை. படத்தில் பாதிக்கப்படுவோர் இருளர். திண்டிவனம் வட்டாரத்தாருக்கு இருளர் அயலார் அல்லர். செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வயல் வரப்புகளிலும் நாம் நாள்தோறும் காண்பவர்கள். பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனத்தை மையமாகக் கொண்டே வளர்ந்தது.

படம் தொடங்குமுன் ஆசிரியர் வழக்கமான வினாவை எழுப்பினார். நாம் அப்படத்தை முன்னரே பார்த்திருந்தோம். காவல் நிலையக் கொடுமைகளை எண்ணி, “வேண்டாம், பிள்ளைகள் உறங்கட்டும்” என்றோம். பிள்ளைகள் உள்ளே சென்றனர். முதற் காட்சி, சிறைவாயில். விடுதலையாகி வெளிவருவோரைச் சாதி கேட்டுப் பிரிக்கின்றனர். சிலர் வீட்டிற்குச் செல்லுகின்றனர். இருளர் முதலானோர் மீண்டும் காவலரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். அக்காட்சியில் குருதி இல்லை. கதவோரம் வந்து நின்ற சிறுமி, “ஏன் அப்பா சாதி கேட்டு நிறுத்துறாங்க?” என்றாள். எவரும் விடை கூறவில்லை. “எங்க வகுப்புல ஒரு இருளர் பொண்ணு நின்னுட்டா. சாதிச் சான்றிதழ் கிடைக்கலையாம்” என்று அவளே தொடர்ந்தாள். ஆசிரியர் அவளைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார்.

சற்று நேரத்தில், வசதியானதொரு வீட்டில் புகுந்த பாம்பைப் பிடிக்க இராசாக்கண்ணு அழைக்கப்படும் காட்சி வந்தது. மூதாட்டியார் அசையாது பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: “போன வருஷம் நம்ம கொல்லையிலயும் வந்து புடிச்சுக் குடுத்தான். தண்ணி கேட்டான். சொம்பை அவன் கையில குடுக்கலை. கையில ஊத்தினேன்.”

அவர் ஐம்பதாண்டுகளாகத் திருவிருந்தில் பங்குபெற்று வருபவர். ஒரே பாத்திரத்தில் பருகுவதன் பொருளை அவருக்குப் போதித்தவர்கள் நம்மைப் போன்ற ஆயர்களே.

3. நம் தவறும் ஒரு திருத்தமும்

அம்மாலை நாம் அளித்த தீர்ப்பு முழுதும் தவறென்று கூறமாட்டோம். காவல் நிலையக் காட்சிகள் தொடங்குமுன் ஆசிரியர் மகளை உறங்கச் செய்தார். எஞ்சிய கதையை மறுநாள் வாய்மொழியாகக் கூறினார். ஒன்பது வயதுச் சிறுவன் அச்சித்திரவதைகளைக் காணலாகாது என்பதில் நமக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் நாம் அப்படத்தை விலக்கியது குருதிக்காக மட்டுந்தானா? அது நம் வட்டாரத்தைச் சுட்டியதும் ஒரு காரணமன்றோ? பிள்ளைகளைக் காப்பதாகக் கூறி நம்மையே காத்துக்கொண்டோமோ என்னும் ஐயம் நம்மை விட்டகலவில்லை.

குருதியே அளவுகோலாயின் நாம் முரண்பட்டவர்கள். 1978இல் தெலுங்கில் வந்த ‘கருணாமயுடு’ பல மொழிகளில் ஒலிமாற்றம் பெற்று ஊர்தோறும் திரையிடப்பட்டது. அதன் சிலுவைக் காட்சிகளின்முன் மழலையரை முன்வரிசையில் அமர்த்தியவர்கள் நாமே. திருமறையையே எடுத்துக்கொள்வோம். நியாயாதிபதிகள் 19, இரண்டாம் சாமுவேல் 13, எசேக்கியேல் 16 ஆகிய அதிகாரங்களைப் படமாக்கினால் ‘யு’ சான்றிதழ் கிடைக்குமோ? அவை திருமறையில் இடம்பெற்றது நம் பொழுதுபோக்கிற்காகவன்று. இஸ்ரவேல் தன் அவலத்தைத் தானே காணும்பொருட்டு.

பிலிப்பியர் 4:8இல் பவுல் அடுக்கும் பண்புகளை நாம் திரைப்படத்திற்கு எதிரான பட்டியலாகவே வழங்கி வருகிறோம். அப்பட்டியலில் முதலாவது நிற்பது உண்மை என்பதை மறந்துவிடுகிறோம். இனிமையானதும் உண்மையில்லாததுமான படம் ஒன்று, கடுமையானதும் உண்மையுள்ளதுமான படம் ஒன்று. இவற்றுள் எது பவுலின் அளவைக்கு அண்மையது என்று மாணாக்கர் ஆராய்வாராக.

இதற்கு நாத்தான் நமக்கு வழிகாட்டி. இரண்டாம் சாமுவேல் 12இல் அவன் தாவீதிடம் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொல்லுகிறான். கேட்ட அரசன் அயலான்மீது சினங்கொள்ளுகிறான். கதை அவ்விடத்தில் முடிந்திருந்தால் அது நல்லதொரு ‘குடும்பக் கதை’யாகவே இருந்திருக்கும், நல்லவர் மகிழ, தீயவன் பழிக்கப்பட, அரசன் நிறைவோடு உறங்கச் சென்றிருப்பான். நாத்தான் விரலை அரசன் பக்கம் திருப்பிய பின்னரே அக்கதை தன் பணியை முடித்தது. எனவே நாம் கேட்கவேண்டிய வினா, ‘படத்தில் என்ன இருக்கிறது?’ என்பதோடு நிற்கலாகாது. ‘படம் முடிந்தபின் நம் வீட்டில் விரல் யார்பக்கம் நீளுகிறது?’ என்பதையும் கேட்கவேண்டும்.

இவ்வளவையால் ‘ஜெய் பீம்’ படத்தையும் அளக்கலாம். எளிய மக்களின் போராட்டம் பெரும்பாலும் ஒரு வழக்கறிஞரின் வீரத்தில் சென்று அடங்குவது அதன் குறை. அதனால் பார்வையாளர், ‘நாமும் சந்துருவின் பக்கமே’ என்று எளிதில் ஆறுதல் கொள்ளலாம். இறுதிக் காட்சியில் சிறுமி அல்லி, சந்துருவின் எதிரே கால்மேல் கால் போட்டு நாளிதழ் விரிப்பது கண்டு கைதட்டலாம். ஓமந்தூர் மூதாட்டியாரோ சந்துருவின் பக்கம் அமரவில்லை. பாம்பு புகுந்த வீட்டாரின் பக்கத்தில் தம்மைக் கண்டுகொண்டார். படம் அவரிடம் வென்றது அங்கேதான்.

4. ஆயர்கள் செய்யக்கூடியவை

பார்க்கத்தக்க படங்களின் பட்டியலொன்றைச் சபைக்கு வெளியிடுமாறு சிலர் நம்மைக் கேட்கின்றனர். நாம் அதனை விரும்பவில்லை. பட்டியல் சபையாரைச் சிந்திப்பதினின்று விடுவித்துவிடும். 1980களில் தூர்தர்ஷனில் ஞாயிறு மாலைப் படத்திற்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. படம் முடிந்ததும் திண்ணையில் அதுபற்றிப் பேச்சும் நடந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை, பேச்சுக்கு இடமில்லை. ஆகவே ஆயர் வீடு சந்திக்கச் செல்லும்போது, ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று குற்றம் விசாரிப்பவர்போலன்றி, உடனமர்ந்து பார்த்தவராகக் கேட்பாராக. யார் சிரிக்கப்பட்டார், யார் பேசவிடப்படவில்லை, யாருடைய உழைப்பு காணாமற்போயிற்று என்று வினவுவாராக. சிறுவர் கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கப் பெற்றோரைப் பழக்குவாராக. விடை தெரியாதபோது வாளாவிருப்பதைவிட, தெரியாது என்று சொல்லுவது மேல்.

மூன்றாம் மாலைக்குப்பின் ஆசிரியர், பள்ளியினின்று நின்ற அப்பெண்ணின் பெற்றோரைக் காணச் சென்றார். சான்றிதழ் விண்ணப்பத்தை எழுதி, அவர்களுடன் இருமுறை வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் சென்று வந்தார். இக்கட்டுரை எழுதும் நாள்வரை சான்றிதழ் வரவில்லை. ஆயினும் அண்மையில் நாம் அவ்வில்லம் சென்றபோது அப்பெண்ணின் தந்தை திண்ணையில் அமர்ந்திருந்தார். மூதாட்டியார் நமக்குத் தந்தது போன்ற ஒரு தம்ளர் அவர் கையிலும் இருந்தது. “என்ன படம் பார்க்கிறீர்கள்?” என்று நாம் அன்று கேட்கவில்லை.