விளக்குகளிடம் விசாரித்தவர்

மைசூரில் வாழும் கன்னட எழுத்தாளர் தேவனூர் மகாதேவ எழுதிய புனைகதை மொத்தத்தையும் இரண்டு மாலைகளில் படித்து முடித்துவிடலாம். ‘த்யாவனூரு’ சிறுகதைகள், ‘ஒடலாள’ குறுநாவல், 1990-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘குசுமபாலெ’ நாவல், அவ்வளவுதான். பிறகெல்லாம் கட்டுரை, மேடை, தலித் இயக்கம், அரசியல். 2022-இல் அவர் வெளியிட்ட ‘ஆர்.எஸ்.எஸ்.: ஆழமும் அகலமும்’ நூலைச் சுட்டி, நல்ல நாவலாசிரியரை அரசியல் விழுங்கிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. துருவி விசாரிக்கும் புத்தி அவருடைய புனைவிலேயே ஊறிக் கிடந்தது.

‘ஒடலாள’வில் கிழவி சாகவ்வா தொலைந்த சேவலைத் தேடி அலைகிறாள், போலீஸ் தேடுவதோ பணக்காரர் வீட்டு நிலக்கடலை மூட்டையை. அவளுடைய பசித்த குடும்பம் இரவோடு இரவாகத் தின்று தீர்த்த கடலைக்குத் தடயமே இல்லை. எந்தக் களவை அரசு களவென்று எண்ணுகிறது என்பதை ஆசிரியர் வாய்திறந்து சொல்வதே இல்லை. இரண்டு தேடல்களையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ‘குசுமபாலெ’ இன்னும் துணிச்சலானது. மேல்சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் இளைஞன் சென்னன் கொல்லப்படுகிறான். ஊர் வாய் திறக்காது. அதனால் இரவில் வீட்டு விளக்குச் சுடர்களான ஜோதம்மாக்கள் கூடி, தத்தம் வீட்டு நடப்பைப் பேசிக்கொள்கின்றன. மாய யதார்த்தம் என்று விமரிசகர்கள் இதற்குப் பட்டம் கட்டலாம். நான் இதை மனிதர் மறுத்த சாட்சியம் என்பேன். நஞ்சன்கூடு வட்டாரப் பேச்சும் நாட்டார் கதை மரபும் கைவசம் இருந்ததால்தான் அந்தச் சாட்சிகளைப் பேசவைக்க முடிந்தது.

அதே கைதான் ஆர்.எஸ்.எஸ். பற்றிய அந்த 64 பக்கச் சிறுநூலையும் எழுதியது. ஏழு கடல் தாண்டி, குகைக்கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியின் கதையோடு அதைத் தொடங்குகிறார். அந்த அமைப்பின் உயிர் எங்கே இருக்கிறதென்று இந்துத்துவச் சிந்தனையாளர்களான கோல்வால்கர், சாவர்க்கர் எழுத்துகளைப் புரட்டுகிறார். எல்லாம் ஏற்கெனவே அச்சில் இருந்தவைதானே, இதில் புலனாய்வு எங்கே என்று கேட்கலாம். கண்ணெதிரே கிடந்தும் யாரும் படிக்காததை அடுக்கிக் காட்டுவதும் புலனாய்வுதான். வேண்டியதை மட்டும் பொறுக்கினார் என்ற குறைக்கு ஓரளவு நியாயமுண்டு: மேற்கோளிலிருந்து முடிவுக்குத் தாவும் இடங்களில் கதைசொல்லியின் வேகம் ஆய்வாளரின் நிதானத்தை முந்திவிடுகிறது. ‘குசுமபாலெ’யில் அப்படித் தாவிய இடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே கலையில் நாவலே மேல். சிறுநூலைப் படிப்பவர்கள் நாவலையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும்.